பதில் போட்டது யார்?

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் இதழ் கைக்கு வராதவர்களுக்கும், வந்ததைப் பக்கத்து வீட்டில் இரவல் கொடுத்துவிட்டு வாங்க முடியாமல் தவிப்பவர்களுக்கும் சேர்த்து, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் கதையின் அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அம்மா கண்ணாடிக் கடையில் லென்ஸை வெட்டி ஃபிரேமில் பொருத்துகிறவர். ஒரே மகள், வயது பதினாலு. ஆள் குள்ளம், பேச்சு காரம். அதனால் வீட்டிலும் பள்ளியிலும் அவள் கடுகு. அவளுடைய உயிர்த்தோழி அவளைவிட முழுசாக ஓர் அடி உயரம். அவள் நெட்டை. இரண்டும் சேர்ந்து நடந்து வந்தால் ஆச்சரியக்குறி வருகிறது என்று வகுப்பே சிரிக்கும்.

கடுகு நாலு நாள் டேபிள் டென்னிஸ் முகாமுக்குப் போனாள். அங்கே போனுக்கு அனுமதி இல்லை. சாப்பாடு எப்படி, படுக்கை எப்படி என்றெல்லாம் அவள் கவலைப்படவில்லை. ஸ்ட்ரீக் போய்விடுமே என்றுதான் கவலைப்பட்டாள்.

வீட்டில் இந்த வயதுப் பிள்ளை இல்லாதவர்களுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தினம் ஒரு படம் அனுப்பிக்கொள்ள வேண்டும். என்ன படம் என்பது முக்கியமில்லை. சுவராக இருக்கலாம், செருப்பாக இருக்கலாம். எத்தனை நாள் விடாமல் அனுப்பினார்களோ, அந்த எண் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் தீயோடு நிற்கும். ஒரு நாள் தவறினால் பூஜ்யம். கடுகுக்கும் நெட்டைக்கும் அறுநூற்றுப் பதினொன்று. இதில் என்ன சுகம் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

ஆகவே போனை அப்பாவிடம் ஒப்படைத்தாள். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு படம், சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். முகம் தெரியக் கூடாது. யாருக்கும் பதில் எழுதக் கூடாது. மேலே தள்ளிப் பழசைப் படிக்கக் கூடாது. இத்தனையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.

அப்பாவும் சளைத்தவரில்லை. பன்னிரண்டு பெயரையும் கட்டம் போட்டு எழுதி, அனுப்பிய நேரம், வந்த நேரம் என்று குறித்துவைத்தார். பத்தொன்பது வருடமாக அவர் செய்கிற வேலையும் அதுதானே. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி "எடுக்கட்டுமா சார்?" என்று கேட்பார். இவர் "எடு" என்றால்தான் வண்டி நகரும். கேள்வி என்று ஒன்று வந்த பிறகு பதில் சொல்லாமல் இருப்பது அவருக்குப் பழக்கமே இல்லை.

அங்கேதான் வந்தது வினை. புதன்கிழமை மத்தியானம் நெட்டையிடமிருந்து ஒரு வரி வந்தது. 'என்னால தாங்க முடியலடி. உண்மையைச் சொல்லிடட்டுமா? நீ வேணாம்னா சொல்ல மாட்டேன்.' கால் மணி நேரத்தில் இன்னொரு தடவை, 'சொல்லிடட்டுமா?' பிறகு மூன்றாவது தடவை.

மூன்று தடவை கேட்ட பிறகும் ஒரு மனுஷன் கல்லாக உட்கார்ந்திருப்பானா? அப்பா பதினோரு நிமிஷம் மல்லுக்கட்டி, மகள் எழுதுவது போலவே எழுதி அனுப்பினார். 'சொல்லிடு. பயப்படாத. நான் உன்கூட இருக்கேன்.' நேரம் இரண்டு இருபது. என்ன உண்மை, யாரிடம் சொல்லப் போகிறாள், எதுவும் அவருக்குத் தெரியாது. அந்த அமர்க்களத்தில் பதினாலாம் நம்பர் வண்டி இரண்டு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. அதையும் பதிவேட்டில் எழுதினார்.

இனி வியாழக்கிழமை.

* * *

காலையில் டிப்போ கேபினுக்கு வெளியே பஞ்சராகிச் சாய்த்து வைத்திருந்த ஒரு டயரைப் படம் எடுத்து அப்பா பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினார். முந்தின மூன்று நாள் மின்விசிறி, காலி டீ கிளாஸ், கூரையில் ஒரு விரிசல் என்று அனுப்பியிருந்தார். 'செம', 'எங்கடி இருக்க?' என்றெல்லாம் வந்தது. வாழ்க்கையில் அவரை யாரும் செம என்று சொன்னதில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பத்தரைக்குள் பதினோரு பேரிடமிருந்து படம் வந்துவிட்டது. நெட்டையுடையது வரவில்லை. அவள் பெயருக்குப் பக்கத்தில் அறுநூற்றுப் பதினாலும், அதையொட்டி ஒரு மணல் கடிகாரமும் இருந்தன. நேரம் முடியப் போகிறது என்று அர்த்தமாம்.

"என்ன சார், காலையிலேர்ந்து போனையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றார் கண்டக்டர்.

"ஒரு வண்டி இன்னும் வரலப்பா."

"எது? எல்லாம்தான் வந்துடுச்சே."

அப்பா பதிவேட்டைப் புரட்டுவது போல் பாவனை செய்தார்.

* * *

அதே நேரத்தில் கண்ணாடிக் கடையின் பின்னறையில் அம்மா ஒரு லென்ஸின் ஓரத்தை இழைத்துக்கொண்டிருந்தார். ஏழு வயதுப் பெண் குழந்தைக்கு முதல் கண்ணாடி. அதற்குள்ளேயே பவர் அதிகம், ஓரம் தடித்த லென்ஸ். முன்பெல்லாம் இந்த அளவு ஃபிரேம் கடையில் ஒரு டப்பா இருந்தால் வருஷம் ஓடும். இப்போது மாதம் ஒரு டப்பா வரவழைக்கிறார்கள். முதலாளிக்கு வியாபாரம் நன்றாக நடப்பதில் சந்தோஷம். அம்மா இதைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்வதில்லை.

குழந்தை கண்ணாடியை மாட்டிப் பார்த்தது. "இதப் போட்டுக்கிட்டா போன் நல்லாத் தெரியுமா, ஆன்ட்டி?"

"போர்டுல எழுதறது தெரியும்."

"போன் தெரியுமா?"

அம்மா ஃபிரேமின் காதை வளைத்துக்கொண்டிருக்கும்போது பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. தலைமையாசிரியையே பேசினார்.

"அந்தக் 'கொட்டாவி' பக்கம் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க."

கேள்விப்படாமல் என்ன? ஏழாம் அத்தியாயத்திலேயே வந்ததுதான். வகுப்பில் தூங்குகிற, கொட்டாவி விடுகிற, மூக்கை நோண்டுகிற பிள்ளைகளைத் திருட்டுத்தனமாகப் படம் எடுத்துப் போடுகிற ஒரு இன்டர்நெட் பக்கம். நடத்துவது யார் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் பெஞ்சில் உட்காருகிற ஒரு பெண் வாயைத் திறந்து தூங்கும் படம் அதில் வந்தது. மறுநாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் நாற்பது பேரும் சேர்ந்து கொட்டாவி விட்டார்கள். அதற்கு அடுத்த நாளும் விட்டார்கள். அந்தப் பெண் பள்ளிக்கு வந்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது.

"அது தான்தான் செஞ்சதுன்னு உங்க பொண்ணோட ஃபிரெண்ட் காலையில வந்து ஒத்துக்கிட்டா. அந்த உயரமான பொண்ணு. உங்க பொண்ணுக்கும் விஷயம் தெரியுமாம்."

அம்மா இயந்திரத்தை நிறுத்தினார்.

"ஆனா ஒண்ணு. அவளை உண்மையைச் சொல்ல வெச்சதே உங்க பொண்ணுதான். மெசேஜைக் காட்டினா. பயப்படாத, நான் உன்கூட இருக்கேன்னு எழுதியிருக்கா. இந்த வயசுல யாருங்க அப்படி எழுதறாங்க? அதனால உங்க பொண்ணை ஒரு எச்சரிக்கையோட விட்டுடலாம்னு இருக்கேன். இன்னொருத்தியை வருஷக் கடைசி வரைக்கும் நிறுத்தறதைத் தவிர வழியில்ல. மூணு மணிக்கு ரெண்டு பேரும் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க."

அம்மா உடனே அப்பாவுக்குப் போன் போட்டார்.

"ஏங்க, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுங்க!" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். "நம்ம கடுகுக்கு இவ்ளோ நல்ல மனசான்னு இருக்கு எனக்கு. எரிஞ்சு விழத்தான் தெரியும்னு நெனச்சேன். என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"ம்."

"சந்தோஷமா ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"ம். வண்டி வருது, வெச்சிடறேன்."

வண்டி எதுவும் வரவில்லை. அப்பா மகளின் போனை எடுத்து, நெட்டையின் பக்கத்தைத் திறந்து, கூடாது என்று சொல்லியிருந்ததைச் செய்தார். மேலே தள்ளிப் படித்தார்.

முதலில் அந்தப் படம். கீழே கடுகின் வரி. 'இந்தா, எடுத்துட்டேன். வாயைப் பொளந்துக்கிட்டு தூங்கறா பாரு. போடு.'

'வேணாம்டி. பாவம், அழுவா' என்று நெட்டை எழுதியிருந்தாள்.

'அழுதா அழட்டும். எத்தனை லைக் வரும் தெரியுமா? ஒழுங்கா போடு, இல்லேன்னா பேச மாட்டேன்.'

அடுத்த நாள், 'முன்னூத்தி நாப்பது! நான் சொன்னேன்ல.'

அப்புறம் நெட்டை எழுதியவை. 'அவ இன்னிக்கும் வரலடி.' 'எட்டு நாள் ஆச்சுடி.' 'எனக்குத் தூக்கமே வரல.' கடுகு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் போட்டிருந்தாள். 'எனக்கென்ன.'

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. பெற்ற பெண்ணைப் பற்றி இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவர் நினைத்ததில்லை. அடுத்த அரைமணி நேரத்தில் மூன்று வண்டிகள் வெளியே போயின. அவற்றுக்கு "எடு" என்று எப்போது சொன்னார் என்பதே அவருக்கு நினைவில்லை.

தான் நேற்று எழுதிய வரியை விரலால் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். அழிக்கவா என்று போன் கேட்டது. அவர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

* * *

முகாம் பஸ் ஒன்றரை மணிக்கு வந்தது. கடுகு பையும் மட்டையுமாக இறங்கினாள். முகம் கறுத்து, முட்டியில் ஒரு பிளாஸ்திரி.

"போன்?" என்றாள். அப்பா என்பதெல்லாம் அப்புறம்.

அவர் கொடுத்தார். பிளாட்பாரத்திலேயே நின்று பார்த்தாள். பதினோரு பெயர் வரைக்கும் முகம் மலர்ந்துகொண்டே போனது. "சூப்பர்ப்பா! ஒண்ணுகூடப் போகல. டயரா? டயரையா அனுப்பினீங்க?" என்று சிரித்தவள், பன்னிரண்டாவதில் நின்றாள்.

"அப்பா, இது என்ன?"

"மூணு தடவை கேட்டாம்மா."

"கேட்டா? எழுதக் கூடாதுன்னு ஒட்டிட்டுத்தானே போனேன்!"

"படத்தை யார் எடுத்தது?"

கடுகு நிமிர்ந்தாள். "மேல படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அதுவும் கூடாதுன்னு..."

"படத்தை யாரும்மா எடுத்தது?"

"எல்லாரும்தான் எடுக்கறாங்க. சும்மா ஜோக்குக்குப்பா."

"அந்தப் பொண்ணு சிரிச்சாளா?"

கடுகு பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிப் போனது. பிறகு அவர் தலைமையாசிரியை சொன்னதை, எச்சரிக்கையையும் நெட்டையை நிறுத்தப் போவதையும், ஒன்று விடாமல் சொன்னார். கடுகுக்கு மூளை வேகம். அவர் சொல்லி முடிப்பதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள்.

"அப்போ அது நான் எழுதினது. அவ்ளோதான்."

"நீ எழுதலையே."

"என் போன்லேர்ந்து போச்சு, என் பேர்ல போச்சு. அப்போ என்னோடதுதானேப்பா?"

"அந்தப் பொண்ணை வெளிய அனுப்பறாங்களே."

"நீங்க வாயத் திறந்தா மட்டும் அவளை உள்ள சேத்துப்பாங்களா? நானும் சேர்ந்து போவேன். ஒரு வருஷம் போயிடும்ப்பா. எல்லாரும் மேல போயிடுவாங்க, நான் மட்டும் திரும்ப அதே கிளாஸ்ல..." காரமெல்லாம் போய், பதினாலு வயதுப் பெண் பயந்துபோய் நின்றாள். "ப்ளீஸ்ப்பா."

ஸ்கூட்டரில் ஏறியதும் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வருடமாக அவள் பின்கம்பியைத்தான் பிடிப்பாள். அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் அழுகையும் வந்தது.

* * *

பள்ளி வாசலில் அம்மா கடைக் கோட்டோடு வந்து நின்றிருந்தார். மகளைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தம் கொடுத்தார். "என் தங்கமே" என்றார். கடுகு முகம் கழுவ வேண்டும் என்று சொல்லி நழுவினாள். அந்த இரண்டு நிமிஷத்தில் அப்பா சொன்னார்.

"அந்தப் பதிலைப் போட்டது நான்."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "விளையாடறீங்களா?"

"இல்ல."

"ஆழம் தெரியாம காலை விடறதே உங்களுக்கு வேலை." கொஞ்சம் யோசித்தார். "சரி, விட்டாச்சு. ஏதோ நல்லதா முடிஞ்சிருக்கு. அவளும் மனசுல அதைத்தான் நெனச்சிருப்பா. உள்ள போய் வாயைத் தைச்சுக்கிட்டு உக்காருங்க. பொண்ணோட படிப்புங்க."

யார் படம் எடுத்தது என்று அப்பா சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

தலைமையாசிரியையின் அறையில் நெட்டை தனியாக உட்கார்ந்திருந்தாள். நாற்காலி அவளுக்குச் சின்னது. முழங்கால்கள் மேஜைக்கு மேலே தெரிந்தன. அவளுடைய அப்பாவுக்குக் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், மாற்றிவிட ஆள் கிடைத்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். காலை ஒன்பதிலிருந்து அவள் அங்கேயே இருக்கிறாள்.

கடுகைப் பார்த்ததும் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அப்பா பார்த்துவிட்டார்.

"உக்காருங்க," என்றார் தலைமையாசிரியை. கடுகைப் பார்த்து, "முகாம்ல போன் குடுத்தாங்களாம்மா?"

"சாயங்காலம் ஒரு மணி நேரம் குடுப்பாங்க மேடம்."

கண் இமைக்காமல் சொன்னாள். செய்தி போனது மத்தியானம் இரண்டு இருபது. அந்த அறையில் நேரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் ஒருவர்தான் இருந்தார், அவருக்கு அது உறுத்தியது.

"நீ செஞ்சது பெரிய விஷயம். விஷயம் தெரிஞ்சும் முன்னாடியே வந்து சொல்லாதது தப்பு. அதுக்கு எச்சரிக்கை. அவ்வளவுதான்." தலைமையாசிரியை நெட்டையின் பக்கம் திரும்பினார். "நீ காலையில சொன்னதை இவங்க முன்னாடி ஒருதடவை சொல்லிடு."

நெட்டை எழுந்து நின்றாள். "படம் எடுத்தது, போட்டது, எல்லாம் நான்தான் மேடம். அவ மேல தப்பு இல்ல. எனக்குத் தினம் அந்தப் பொண்ணு ஞாபகமாவே இருந்துச்சு. சொன்னா எல்லாரும் விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு பயம். அவ கூட இருக்கேன்னு சொன்னா. அதான் வந்தேன்."

கடுகு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாள். காதுமடல் சிவந்திருந்தது.

தலைமையாசிரியை ஒரு கடிதத்தை நெட்டையின் பக்கம் தள்ளினார். "அம்மா வந்ததும் இதுல கையெழுத்து வாங்கணும்."

"சரி மேடம்," என்றாள் நெட்டை. அழக்கூட இல்லை. இதைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம்."

மேஜைக்கு அடியில் அம்மாவின் கால் அவர் காலை மிதித்தது. நன்றாகவே மிதித்தது.

"அந்தப் பதிலைப் போட்டது என் பொண்ணு இல்ல. நான்."

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார்.

"முகாம்ல போன் தரல மேடம். நாலு நாளும் அது என்கிட்டதான் இருந்துச்சு. அவ பேர்ல நான் எழுதினேன். என்ன விஷயம்னு தெரியாமத்தான் எழுதினேன். எழுதக் கூடாதுன்னு அவ சொல்லிட்டுத்தான் போனா. தப்பு என்னோடது."

"அப்பா!" என்றாள் கடுகு, பல்லுக்கிடையில்.

நெட்டை தலைமையாசிரியையைப் பார்க்கவில்லை. கடுகையும் பார்க்கவில்லை. "அங்கிள், நீங்களா?"

"ஆமாம்மா."

"உன்கூட இருக்கேன்னு எழுதினது?"

"நான்தான்."

"காலையில வந்த அந்தப் பஞ்சரான டயரு?"

"அதுவும் நான்தான்மா."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், மூக்கை உறிஞ்சினாள், பிறகு கடுகின் பக்கம் திரும்பினாள்.

"நீயா இருந்தா என்னடி எழுதியிருப்ப?"

கடுகுக்குப் பொய் ஒன்றும் புதுசில்லை. பத்து நிமிஷத்துக்கு முன்னால்கூட ஒன்று சொன்னவள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தோழியின் முகத்தைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள்.

"சொல்லாதன்னு எழுதியிருப்பேன்," என்றாள்.

நெட்டை தலையாட்டினாள். தெரியும் என்பது போலத்தான் இருந்தது.

தலைமையாசிரியை கடிதத்தைத் திரும்ப எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அப்போ நான் ரெண்டு பேரையும் முதல்லேர்ந்து கேக்கணும். நாளைக்குக் காலையில பத்து மணி. அந்தப் பொண்ணோட அப்பா அம்மாவும் வராங்க. யார் எடுத்தாங்க, யார் போட்டாங்க, எல்லாம் அவங்க முன்னாடி சொல்லணும். இப்போ போயிட்டு வாங்க." அப்பாவைப் பார்த்தார். "நீங்க நல்லது பண்ணீங்களா கெட்டது பண்ணீங்களான்னு எனக்குத் தெரியல சார்."

"எனக்கும் தெரியல மேடம்."

* * *

வராந்தாவில் அம்மா முன்னால் விடுவிடுவென்று நடந்தார். அந்த நடையைப் பார்த்தாலே போதும், இன்றைக்கு வீட்டில் யாருக்கும் நல்ல பேச்சு கிடைக்காது. கடுகு அவருக்கு இரண்டடி பின்னால் வந்தாள். அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அங்கிள்."

நெட்டை அறை வாசலில் நின்றிருந்தாள். "நாளைக்கும் அம்மாவுக்குப் பகல் டியூட்டி. லீவ் குடுக்க மாட்டாங்க." கதவுப் பிடியைத் திருகிக்கொண்டே பேசினாள். "அந்தப் பொண்ணோட அப்பா அம்மா வருவாங்கல்ல. நீங்க வருவீங்களா? எதுவும் பேச வேணாம். பக்கத்துல உக்காந்தா போதும்."

"வரேன்மா," என்றார் அப்பா. யோசிக்கவில்லை.

கடுகு நின்றுவிட்டாள்.

"அவ பக்கத்துலயா உக்காரப் போறீங்க?"

"ஆமா."

"அப்போ எனக்கு யாரு?"

"அம்மா இருக்கா."

"அம்மாவுக்கு எதுவும் தெரியாதேப்பா!"

மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். வராந்தா நீளமானது, சுவரெல்லாம் வெறும் சுவர், குரல் முனை வரைக்கும் எதிரொலித்தது. படிக்கட்டின் முனையில் அம்மா நின்றார். திரும்பினார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, முகம் வெளுத்திருந்தது.

"எனக்கு என்னடி தெரியாது?"

கடுகு அப்பாவைப் பார்த்தாள். அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, அந்தப் பதிலை அவளிடமே விட்டுவிட்டு, அம்மாவைத் தாண்டி, படியிறங்கிப் போய்விட்டார்.